டிஸ்கெட்டுக்கு வைத்த பொட்டு

கவலைப்படுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. நடந்து முடிந்ததை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் ஒரு வகை. இனி நடக்கப்போவதை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டு ஷிப்டும் பார்க்கிறவள்.

பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று கவலை. பிடித்துவிட்டால், ஏன் இவ்வளவு அழுத்திப் பிடித்தான், முன்னால் என்ன ஆச்சோ என்று கவலை. என் கல்யாணப் படத்தை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். (அது ஒரு பக்கமாக ஆடியது. நான் என்ன செய்ய?)

பள்ளிக்கூடத்தை மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, விட்டதற்கும் இதுதான் காரணம். அரசாங்கப் பரீட்சை அன்று காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் கக்கூஸில் போய் உட்கார்ந்தவள், பஸ் போன சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் அப்பா கதவைத் தட்டி, "வாத்தியாரை இங்கயே கொண்டாந்து பரீட்சை வைக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். ஆனால் ஒன்று. நான் பரீட்சையில் தோற்றதே இல்லை. எழுதினால்தானே தோற்க!

அதற்குப் பிறகு இரண்டு வருடம் செம்பனை (எண்ணெய்ப் பனை) நாற்றுப் பண்ணையில் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் மண் அள்ளிப் போட்டேன். பைக்குள் பூரான் இருக்குமோ என்று ஒவ்வொரு பையையும் மூன்று தடவை உதறுவேன். என் வரிசை மட்டும் சாயங்காலம் வரை முடியாது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் என்னைப் பார்த்தாலே நெற்றியைத் தேய்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோலா சிலாங்கூர் டவுனில், ஒரு துணிக்கடை மாடியில், டைப்பிங் கற்றுக்கொண்டேன். அது மட்டும் எனக்கு நன்றாக வந்தது. பின்னால் யாரோ துரத்திக்கொண்டு வருவதுபோலவே அடிப்பேன். அதனால் நல்ல வேகம்.

அந்த வேகத்தை நம்பித்தான் எங்கள் தோட்டத்து ஆபீசில் என்னை மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு எடுத்தார்கள். எண்பதுகளின் கடைசி அது. ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்த புதிது. சேலைத் துணியில் தைத்த உறையைப் போட்டு, அதற்கென்று ஒரு தனி அறை, அந்த அறைக்கு ஏர்கான். துரையின் அறையை விட்டால் தோட்டத்திலேயே அங்குதான் குளிரும். (மேனேஜரை நாங்கள் அப்போதும் துரை என்றுதான் சொல்வோம், அவர் சிரம்பானிலிருந்து வந்த சாதாரணத் தமிழராக இருந்தாலும்.) செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இது பெரிய கிராணி போட்ட சட்டம்.

பெரிய கிராணி ஆறுமுகம் ஐயா முப்பது வருடமாக அந்த ஆபீசின் தலைமை எழுத்தர். கம்ப்யூட்டரோடு பேசமாட்டார். ஆனால் காலையில் வந்ததும் அறை வாசலில் நின்று, உள்ளே ஒரு நோட்டம் விட்டு, "என்னா, இருக்கா?" என்று என்னைக் கேட்பார்.

"இருக்குங்க ஐயா."

"ஆங்" என்று போய்விடுவார்.

அப்புறம்தான் மோடம் வந்தது. தட்டையான ஒரு பெட்டி, முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். கம்ப்யூட்டரில் இருப்பதை டெலிபோன் கம்பி வழியாகக் கோலாலம்பூர் ஹெட் ஆபீசுக்கு அனுப்பும் சாமான். கோலாலம்பூரிலிருந்து மிஸ்டர் லிம் என்ற சீன இளைஞர் வந்து மாட்டிக் கொடுத்தார். அது கோலாலம்பூரைக் கூப்பிடும்போது ஒரு சத்தம் போட்டது பாருங்கள், பன்றியின் வாலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியதுபோல! பெரிய கிராணி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

போகும்போது லிம் என்னிடம் ஒரு டிஸ்கெட்டைக் கொடுத்தார். கறுப்பாக, சதுரமாக, அப்பளம்போல மெல்லிசாக இருக்குமே, அந்தக் காலத்து டிஸ்கெட்.

"இதில்தான் மோடத்தின் டிரைவர் இருக்கிறது. இந்த மோடத்தோடு எப்படிப் பேசுவதென்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கிறது இதுதான். ஏதாவது கோளாறு என்றால் இதைப் போட்டு மறுபடி ஏற்று. இது ஒன்றுதான் இருக்கிறது, பத்திரம்" என்றார். (அவருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் பேசியதெல்லாம் மலாய். தமிழாக்கியது நான்.)

'இது ஒன்றுதான் இருக்கிறது' என்று என்னைப்போன்ற ஒருத்தியிடம் சொல்லலாமா?

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் துரை என்னைக் கூப்பிட்டார். "வசந்தா, செப்டம்பர் மாசத்து அறுவடை விவரம் புதன்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள இது வழியா ஹெட் ஆபீஸ் போய்ச் சேரணும். சேர்ந்துச்சுன்னா நீ நிரந்தரம். சேரலைன்னா கோலாலம்பூர்லேர்ந்து சர்டிபிகேட் வச்சிருக்கிற ஆளை அனுப்பறேன்னு சொல்லிட்டாங்க. நான் ஒண்ணும் செய்ய முடியாது. அப்புறம் உனக்குப் பழைய நாத்து நர்சரிதான்."

நர்சரி! எனக்குப் பூரான் கண்ணுக்குள்ளேயே ஊர்ந்தது.

அந்தப் புதன்கிழமைக்கு முதல் நாள் ஆயுத பூஜை.

தோட்டத்தில் ஆயுத பூஜை என்றால் சாதாரணமா? அரிவாள், சாணைக்கல், டிராக்டர், லோரி, பழம் நிறுக்கும் தராசு, டைப்ரைட்டர், ரப்பர் முத்திரை எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுப் படைப்போம். படைத்ததை மறுநாள் காலை பூஜை முடிகிறவரை யாரும் தொடக் கூடாது. சாமானுக்கும் ஒரு நாள் ஓய்வு. கம்ப்யூட்டர் அறைக்கு என்னைப் பொறுப்பாக விட்டிருந்தார்கள்.

என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. (அது வேலை செய்யும்போதெல்லாம் யாருக்காவது நஷ்டம்தான்.) கம்ப்யூட்டர் தலையில் மூன்று பட்டை சந்தனம். சரி. மோடத்துக்கு ஒரு பொட்டு. சரி. பின்னால் தொங்கும் ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து, அவை அலங்கோலமாகத் தெரியாமல் சாமந்தி மாலையால் நான்கு சுற்று சுற்றினேன். அழகாக இருந்தது. எல்லாம் ஆயிற்று. ஆனால் இதற்கெல்லாம் உயிர்போல ஒரு டிஸ்கெட் இருக்கிறதே, அதை விட்டால் அது கோபித்துக்கொள்ளாதா? நாளைக்கு வேறு புதன்கிழமை!

காகித உறையிலிருந்து டிஸ்கெட்டைப் பயபக்தியோடு உருவினேன். எங்கே பொட்டு வைப்பது? மேல் பக்கம் முழுக்க லிம் ஒட்டிய சீட்டு, ஆங்கில எழுத்து. எழுத்தின் மேல் சந்தனம் வைத்தால் படிக்க முடியாதே என்று கவலை. கீழே பார்த்தேன். அந்தக் கறுப்பு உறையில், நடுவாக, நீளவாக்கில் ஒரு சின்னத் திறப்பு. அதற்குள் பளபளவென்று பழுப்பு நிறத்தில் உள்ளே இருப்பது தெரிந்தது. நெற்றி மாதிரியே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பொட்டு வைப்பதற்கென்றே விட்டுவைத்த இடம்போல இருந்தது.

மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, நல்ல கெட்டியாக, அங்கே வைத்தேன். அதன் நடுவில் குங்குமம். 'காப்பாத்து' என்று கும்பிட்டு, உறையில் போடாமல் (பொட்டு அழிந்துவிடுமே) தட்டில் வெற்றிலை மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஏர்கான் காற்றில் சந்தனம் மறுநாள் காலைக்குள் சிமெண்ட்போல இறுகியிருந்தது.

புதன்கிழமை காலை பூஜை முடிந்தது. வெளியே லோரிகளும் டிராக்டர்களும் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளம்பின. பெரிய கிராணி கையில் மிச்சப் பழங்களோடு கம்ப்யூட்டர் அறை வாசலுக்கு வந்தார்.

"இதுக்கு எங்க வைக்கிறது?"

"இதுக்குச் சக்கரம் இல்லீங்களே ஐயா."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கண்கள் என் சுழல் நாற்காலியில் போய் நின்றன. அடியில் ஐந்து சின்னச் சக்கரங்கள். "ஏன் இல்ல? அந்தா இருக்கே லா!"

ஐந்து சக்கரத்துக்கும் ஐந்து பழம் வைத்தார். "உக்காரு புள்ள" என்றார். உட்கார்ந்தேன். "முருகா!" என்று பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினார் பாருங்கள். பழம் ஒன்றுகூட நசுங்கவில்லை. பாலிஷ் போட்ட சிமெண்ட் தரையில் உருண்டது. அதன்மேல் நாற்காலி, நாற்காலியின் மேல் நான். கைக்குக் கிடைத்தது மேசை விரிப்பு. அதைப் பிடித்தேன். விரிப்போடு மோடம் வந்தது. நான் போய்ச் சுவரில் நின்றேன்.

"அடி பட்டுச்சா?" என்று பதறினார் பெரிய கிராணி.

"இல்லீங்க ஐயா."

"உனக்கில்ல புள்ள, அதுக்கு!"

இரண்டு பேருமாக மோடத்தை எடுத்து வைத்தோம். விளக்கு எரிந்தது. மாலையைச் சரிசெய்தோம். மணி ஒன்பதரை.

விவரத்தை அனுப்பச் சொல்லி விசையைத் தட்டினேன். பன்றிச் சத்தம் வரவில்லை. மோடம் பதில் சொல்லவில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி அதே வரி. பத்தாவது தடவைக்குப் பிறகு லிம்முக்குப் போன் செய்ய எழுந்தேன்.

இங்கே ஒரு சிக்கல். ஆபீசுக்கு இருந்தது ஒரே டெலிபோன் லைன். போன் பெரிய கிராணியின் மேசையில், வெளியறையில். லிம்மோடு பேசிக்கொண்டிருந்தால் மோடம் வேலை செய்யாது. மோடத்தைப் பார்க்கவேண்டுமென்றால் போனை வைக்கவேண்டும். ஆகவே அவர் ஒன்று சொல்வார், நான் போனை வைத்துவிட்டு ஓடுவேன், செருப்பைக் கழற்றுவேன், உள்ளே போய்ச் செய்து பார்ப்பேன், நடக்காது, வெளியே வந்து செருப்பை மாட்டுவேன், ஓடுவேன், மறுபடி போன். ஓர் அவசரத்தில் செருப்போடு உள்ளே போய்விட்டேன். "செருப்பு!" என்று ஒரு கத்தல். திரும்பி ஓடினேன். இன்னோர் அவசரத்தில் ஒரு காலில் என் செருப்பும் மற்றதில் பெரிய கிராணியின் செருப்புமாக ஓடினேன்.

முதல் போனில் லிம் கேட்டார்: "பின்னால் ஒயரெல்லாம் சரியாக மாட்டியிருக்கிறதா?"

"எல்லாம் ரொம்ப அழகா இருக்கு, மிஸ்டர் லிம்." (பொய் இல்லை. சாமந்தி மாலையோடு அழகாகத்தான் இருந்தது. அதைக் கலைத்துப் பார்க்க மனம் வரவில்லை.)

"அப்படியென்றால் டிரைவர்தான் கெட்டிருக்கும். டிஸ்கெட்டைப் போட்டு மறுபடி ஏற்று."

ஓடினேன். தட்டிலிருந்து டிஸ்கெட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே செருகினேன். அம்மியில் கொத்தமல்லி அரைப்பதுபோல ஒரு சத்தம். கர்ர்க்... கர்ர்க்... பிறகு திரையில் மூன்று ஆங்கிலச் சொற்கள் வந்து நின்றன. நிறுத்தவா? மறுபடி பார்க்கவா? தோல்வியா?

நான் உறைந்துபோனேன். எந்தச் சொல்லுக்குப் பயந்து கக்கூஸில் ஒளிந்தேனோ, அதே 'பெயில்'. இத்தனை வருடம் கழித்து, கோலா சிலாங்கூரில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு கேள்விக்குறியும் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது! அந்த எழுத்துப் பக்கமே விரலைக் கொண்டுபோகவில்லை. 'மறுபடி' என்பதையே தட்டிக்கொண்டிருந்தேன். கொத்தமல்லி நன்றாக அரைபட்டது.

ஒருவேளை டிஸ்கெட் நல்லதாக இருந்து, செருகும் வாய்தான் கெட்டிருக்குமோ? சோதித்துப் பார்க்க இன்னொரு டிஸ்கெட்டைப் போட்டேன். கர்ர்க். இன்னொன்று. கர்ர்க். மூன்றாவதாக மற்றொன்று. பொட்டு வைத்ததையும் சேர்த்து ஆக மொத்தம் நான்கு. மணி பதினொன்று.

அடுத்த போனில் லிம்மின் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "டிஸ்கெட்டில் தூசி ஏதாவது பட்டதா? காப்பி கொட்டியதா?"

"ஐயோ, இல்லவே இல்லை. ரொம்பச் சுத்தமா வச்சிருந்தேன். சாமிகிட்டகூட வச்சேன்."

"சாமியிடம் வைத்தாயா? வைத்து?"

"கும்பிட்டேன்."

"கும்பிட்டால் ஒன்றும் ஆகாது. வேறு ஏதாவது செய்தாயா?"

"கொஞ்சம்... சந்தனம்."

"எங்கே?"

"அந்தத் திறப்பு இருக்கே, அங்க."

பெரிய கிராணி என் முகத்தைப் பார்த்து, "என்னாவாம்?" என்றார். நான் கையைக் காட்டினேன்.

"வசந்தா," என்றார் லிம், மிக மெதுவாக, "அந்த டிஸ்கெட்டை எடுத்து வைத்துவிடு. ஒன்று மட்டும் கேள். அதே இடத்தில் வேறு எந்த டிஸ்கெட்டையும் போட்டுவிடாதே. சந்தனம் உள்ளே ஒட்டியிருக்கும், போட்டால் அதுவும் போய்விடும்."

"மூணு போட்டுட்டேன்."

"அலாமாக்" என்றார் லிம். (மலாயில் 'ஐயையோ'.) பிறகு ஒரு விக்கல். இன்னொரு விக்கல். அழுகிறாரோ என்று எனக்குக் கவலை. சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே தன் ஆபீசில் யாரிடமோ சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "வேறு டிஸ்கெட் எடுத்துக்கொண்டு நானே காரில் வருகிறேன். ஆனால் பன்னிரண்டுக்குள் முடியாது, வசந்தா. மன்னித்துக்கொள்" என்றார்.

போனை வைத்தேன். பெரிய கிராணி மேசை இழுப்பறையைத் திறந்து, பூஜையில் மிஞ்சிய சுண்டலை ஒரு காகிதத்தில் போட்டு என் பக்கம் தள்ளினார். "தின்னு. நர்சரி மண்டோர்கிட்ட நான் பேசறேன். உனக்கு நிழலா இருக்கிற வரிசையாக் குடுக்கச் சொல்றேன்."

அந்த அன்பைத் தாங்க முடியாமல்தான் எனக்கு அழுகை வந்தது. சுண்டலை மென்றுகொண்டே அழுவது கஷ்டம். முயன்றிருக்கிறீர்களா?

அழுதுகொண்டே கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். மணி பதினொன்று ஐம்பது. சர்டிபிகேட் வைத்திருப்பவர் வந்து உட்காரும் இடம் பட்டை பட்டையாகச் சந்தனத்தோடு இருந்தால் எங்கள் தோட்டத்தைப் பற்றி என்ன நினைப்பார்? (வேலை போகிற நேரத்திலும் அடுத்தவர் என்ன நினைப்பார் என்ற கவலை!) ஈரத்துணியால் கம்ப்யூட்டர் தலையைத் துடைத்தேன். மோடத்தைத் துடைத்தேன். பின்னால் ஒயர்களைச் சுற்றியிருந்த சாமந்தி மாலையை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தேன்.

நாலாவது சுற்று அவிழ்ந்ததும், தடியான ஒரு ஒயர் தொப்பென்று கீழே விழுந்து தொங்கியது.

கம்ப்யூட்டரையும் மோடத்தையும் சேர்க்கிற ஒயர். நான் சுவருக்குப் பறந்தபோது பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அதுவரை அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது சாமந்தி மாலை! டிரைவர் கம்ப்யூட்டருக்குள் லிம் போட்டபடி முழுசாக, சுகமாக, நோய் நொடியில்லாமல் இருந்திருக்கிறது. மருந்தை நான்தான் அரைத்துக் கெடுத்திருக்கிறேன்.

ஒயரைச் செருகினேன். இதுவரை எரியாத ஒரு விளக்கு மோடத்தில் எரிந்தது. விசையைத் தட்டினேன். டக்டக்கென்று எண்களைச் சுழற்றும் சத்தம். பிறகு, ஆகா, பன்றி கத்தியது! வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

வெளியறையில் பெரிய கிராணி போனை நோக்கிக் கையை நீட்டுவதைக் கதவு வழியாகப் பார்த்தேன். நர்சரி மண்டோருக்குப் பேசப்போகிறார். எடுத்தால் லைன் அறுந்துவிடும்!

"ஐயா, எடுக்காதீங்க!"

"என்னா?"

ஓடினேன். செருப்பு இல்லை, ஒன்றும் இல்லை. கூடையில் அடைகாக்கும் கோழிபோலப் போனின் மேல் கவிழ்ந்து அதைக் கட்டிக்கொண்டேன். சரியாக அந்த நேரம் பார்த்துத் துரை தன் அறைக் கதவைத் திறந்தார். பெரிய கிராணியின் மேசைமேல் நான் படுத்திருக்கிறேன். கன்னத்தில் சந்தனம், வாயில் சுண்டல். பெரிய கிராணி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "நான் ஒண்ணும் செய்யலீங்க தொரை" என்கிறார்.

"அனுப்பியாச்சா?" என்று கேட்டார் துரை.

"போய்க்கிட்டு இருக்கு சார்" என்றேன், படுத்தபடியே.

பன்னிரண்டாக மூன்று நிமிடம் இருக்கும்போது விவரம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. மறுவாரம் எனக்கு நிரந்தர வேலைக் கடிதம் வந்தது. அதே தபாலில் குழுமத்தின் எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரு சுற்றறிக்கையும் வந்தது: 'டிஸ்கெட்டுகளின் மீது சந்தனம், குங்குமம், விபூதி, மஞ்சள் முதலானவற்றைப் பூசுதல் கூடாது.' பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக் கிராணிகள் எல்லாரும் அன்றைக்கே போன் செய்து, "உங்க பொண்ணு நல்லா இருக்கா?" என்று பெரிய கிராணியை விசாரித்தார்கள்.

லிம் நல்ல மனிதர். பஞ்சில் ஏதோ திரவத்தை நனைத்து, அந்தக் கருவியின் வாய்க்குள்ளிருந்து குங்குமத்தைத் துடைத்து எடுத்தார். அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு எனக்குத் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு பழுதான டிஸ்கெட். அதன் மேல் லிம்மின் கையெழுத்தில், 'சாமிக்கு மட்டும்'. நான் அங்கே வேலை பார்த்த பதினோரு வருடமும் தவறாமல் ஒன்று வந்தது.

இந்தக் கதையைப் பெரிய கிராணி என் கல்யாண விருந்திலேயே மாப்பிள்ளை வீட்டாருக்கு நடித்துக் காட்டிவிட்டார். அதோடு என் மானம் பந்தியில் இலையோடு போயிற்று. இன்றும் வீட்டில் டிவி ஓடாவிட்டால் என் கணவர், "யாரு பொட்டு வச்சது?" என்றுதான் கேட்பார். புது போன் வாங்கினால் மகள் அதை என் கண்ணில் காட்டாமல் ஒளித்துவைப்பாள்.

போன மாதம் என் மகன் தன் லேப்டாப்பில் லினக்ஸ் என்று எதையோ போட்டான். போட்டதிலிருந்து வைபை வரவில்லை. டிரைவர் சரியில்லையாம். இரண்டு நாள் சாப்பாடு தூக்கம் இல்லாமல் கறுப்புத் திரையில் என்னென்னவோ அடித்துக்கொண்டிருந்தான். "அம்மா பக்கமா கொண்டு போயிடாதே லா!" என்று வீடே கூவியது. மூன்றாம் நாள் காலை சமையலறை வாசலில் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"அம்மா... ஒரே ஒரு பொட்டு. மூடியில மட்டும். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் அனுபவசாலி இல்லையா? குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டேன்: "பொட்டெல்லாம் அப்புறம். மொதல்ல ஒயரைப் பாத்தியா?"

"அம்மா, இதுக்கு ஒயரே கெடையாது."

ஒயரே கிடையாதா? அப்படியென்றால் எதை நம்பி ஓடுகிறது அது? கழன்றுபோனால் எப்படித் தெரியும்? யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

அன்று சாயங்காலமே அவன் அதைச் சரிசெய்துவிட்டான். நான்தான் இன்னும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.